விறகு தின்ற அடுப்பு

நெருப்பு விஷயத்தில் ஆம்ப்ரோஸுக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. இருபத்திரண்டு வருஷமாக அன்னாசிப்பழம் டின்னில் அடைக்கிற தொழிற்சாலையில் பாய்லருக்கு விறகு போடுகிறவர். காலை ஐந்தரைக்கு வீட்டை விட்டால் மாலை ஐந்தரைக்குத்தான் திரும்புவார். புகைபோக்கியில் வருகிற புகையின் நிறத்தை வைத்தே உள்ளே எரிகிற கட்டை காய்ந்ததா ஈரமா என்று சொல்லுவார். எரிக்கிறவன் நேற்றுத் தூங்கினானா இல்லையா என்பதைக்கூடச் சொல்லுவார். அப்பேர்ப்பட்ட மனிதரின் வீட்டில், ரேஸ் கோர்ஸ் ரோட்டுப் பக்கத்துச் சந்தில், ஒரு மாதத்துக்கென்று வாங்கிப்போட்ட பாக்காவ் மரத்து விறகு பதினைந்தே நாளில் தீர்ந்துபோனது. அது எவ்வளவு பெரிய அவமானம் என்று நீங்களே சொல்லுங்கள்.

அதை அவர் மனைவி உர்சுலா சொன்ன விதம் இன்னும் மோசம். காப்பியை நீட்டிக்கொண்டே, ஏதோ உப்புத் தீர்ந்ததுபோல, விறகு முடிந்துவிட்டது, விறகுக்கடைச் சீனரிடம் சொல்லிவிட்டு வாருங்கள் என்றாள்.

"ரெண்டு பேர் திங்கிற சோத்துக்கு இம்புட்டு விறகா?" என்றார் ஆம்ப்ரோஸ்.

"நானா திங்கிறேன்? அடுப்பு திங்குது. நீங்கதான் பெரிய பாய்லர்காரராச்சே. என்னான்னு பாருங்க."

'ரெண்டு பேர்' என்ற வார்த்தை வாயிலிருந்து வந்ததும் ஆம்ப்ரோஸ் காப்பிக்குள் பார்த்தார். போன வருஷம்வரை அந்த வீட்டில் மூன்று பேர். மூன்றாவது ஆள் அவர்களுடைய ஒரே மகள் பெட்டி. கோவிந்தசாமி என்று ஒரு லாரி மெக்கானிக்கைக் காதலித்தாள். பையன் நல்லவன்தான், குடி கிடையாது, ஆனால் நெற்றியில் திருநீறு. மாதா கோயிலில் கல்யாணம் மந்திரிக்க வழியில்லாமல் இரண்டு பேரும் பதிவு ஆபீசில் கையெழுத்துப் போட்டுக்கொண்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, கோயில் வாசலில், பங்கு ஜனங்கள் அத்தனை பேரும் கேட்கும்படி ஆம்ப்ரோஸ் அறிவித்தார். இனிமேல் எனக்கு மகள் இல்லை, என் வீட்டிலிருந்து ஒரு துரும்பு அவளுக்குப் போகாது என்றார். அன்றைக்கு உர்சுலா ஒன்றும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்தால் பயப்பட வேண்டும் என்பதை இருபத்தைந்து வருஷக் குடித்தனத்தில் ஆம்ப்ரோஸ் கற்றுக்கொள்ளவே இல்லை.

அப்புறம் ஒருநாள், பெட்டிக்கு எட்டாம் மாதம் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். ஆம்ப்ரோஸ் காதில் விழாதவர்போல் செபமாலையை உருட்டினார். வீட்டுக்கு வந்து இரண்டு வாய் சோற்றுக்குமேல் இறங்கவில்லை. அதற்கும் வெயில்தான் காரணம் என்று சொல்லிவிட்டார்.

நாம் அடுப்புக்கு வருவோம். அவரும் அடுப்புக்குத்தான் வந்தார். மனசில் இருப்பதைத் தொடப் பயப்படுகிற ஆண்பிள்ளைக்கு ரிப்பேர் பார்க்க ஒரு சாமான் கிடைத்தால் அதைவிடப் பெரிய நிம்மதி வேறு இல்லை.

முதலில் விறகுக்கடைச் சீனர்மேல்தான் சந்தேகம். பழைய கட்டையை, புழு அரித்ததை, தலையில் கட்டிவிட்டான் என்று சண்டைக்குப் போனார். சீனர் இரண்டு கட்டைகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டினார். டங்கென்று சத்தம் வந்தது. கட்டை கல் மாதிரி இருந்தது. "பாகுஸ்" என்று மலாயில் ஒரு சொல் சொல்லிவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டார். நல்ல கட்டை என்று ஆம்ப்ரோஸுக்கும் தெரியும். திரும்பி வந்தார்.

அடுத்தது காற்று. அடுப்பின் வாய் அகலம், அதனால் காற்று அதிகம், அதனால் கட்டை படபடவென்று எரிகிறது என்று தீர்ப்புச் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து இரண்டு பக்கமும் செங்கல் வைத்து, களிமண் பூசி, வாயைப் பாதியாக்கினார். உர்சுலா நெருப்பு மூட்டினாள். புகை மேலே போகவில்லை, வெளியே போகவில்லை, ஆம்ப்ரோஸின் கண்ணுக்குள் போயிற்று. சந்தே இருமியது. பின்சந்துக்கு எதிர்ப்புற வீட்டு ஜைனப், வீடு பற்றிக்கொண்டதோ என்று ஒரு வாளித் தண்ணீரோடு ஓடிவந்தாள். அந்த ஜைனப் உர்சுலாவுக்கு வலது கை மாதிரி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அண்ணே, உங்க தொழிற்சாலை எப்படி இத்தனை வருஷம் பற்றி எரியாமல் நிற்கிறது என்று ஜைனப் விசாரித்தாள்.

செங்கல் போய்த் தகரம் வந்தது. பிஸ்கட் டின்னை வெட்டி அடுப்பு வாய்க்கு ஒரு மூடி செய்து, பாய்லரில் இதற்கு டேம்பர் என்று பேர், சோறு கொதி வந்ததும் சாத்திவிட வேண்டும் என்று மனைவிக்கு அரைமணி நேரம் விளக்கினார். உர்சுலா ஒவ்வொரு சொல்லுக்கும் தலையாட்டினாள். விறகு முன்பைவிட வேகமாகத் தீர்ந்தது.

ஆம்ப்ரோஸ் இளைக்க ஆரம்பித்தார். அப்போதுதான் உர்சுலாவே ஒரு யோசனை சொன்னாள். நெருப்பில் பாதிச் சூடு சும்மாதானே பின்பக்கம் போகிறது, அங்கே ஒரு துவாரம் விட்டுப் பக்கத்தில் ஒரு கொடியடுப்பு சேர்த்துவிட்டால் சோறு வேகிற நெருப்பிலேயே ஒரு பானை வெந்நீரும் ஆகிவிடுமே, நீங்களும் வேலை விட்டு வந்து சுடச்சுடக் குளிக்கலாமே என்றாள். வீணாகிற சூட்டைப் பிடித்து வேலை வாங்குவது பாய்லர்காரன் சாஸ்திரம். தன் மனைவி இத்தனை வருஷத்தில் தன்னிடமிருந்து ஏதோ கற்றிருக்கிறாள் என்று அவருக்குப் பெருமை தாங்கவில்லை. இரண்டு ஞாயிறு பூசையைத் தவிர வேறு எதற்கும் வெளியே போகாமல், சந்து ஜனங்கள் வேடிக்கை பார்க்க, கொடியடுப்பைக் கட்டி முடித்தார். அதன்மேல் உட்கார வைக்க ஒரு பெரிய ஈயப் பானையும் தானே வாங்கி வந்தார். பானை பெரிதாக இருக்கட்டும் என்று சொன்னவள் உர்சுலா.

வெந்நீரில் நொச்சித் தழை வாசனை அடித்தது. எனக்கு முட்டி வலி, அதற்குப் போட்டேன் என்றாள். பாவம், வயசாகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார்.

கொடியடுப்பு கட்டியும் விறகு தீர்ந்துகொண்டேதான் இருந்தது. விஷயம் வெளிப்பட்டது வீட்டில் அல்ல, தொழிற்சாலையில். அங்கேயும் ஒரு வாரமாக விறகு கூடுதலாகப் போகிறது என்று மேஸ்திரி வந்து கத்தினார். ஆம்ப்ரோஸ் பாய்லரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆவிக் குழாயின் வழியே நடந்துபோனார். கடைசிக் கொட்டகைக்குப் பின்னால் பழம் நறுக்குகிற பெண்கள் யாரோ குழாயைத் திறந்து வாளியில் விட்டுத் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். அவர் திரும்பி வந்து, தொழில் தெரிந்தவனுக்கே உரிய அலட்சியத்தோடு மேஸ்திரியிடம் சொன்னார்: "விறகு கூடப் போச்சுன்னா நெருப்பைப் பார்க்கக்கூடாது சார். ஆவியை எவன் இழுக்கிறான்னு பார்க்கணும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றார். கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டார். வயிறு சரியில்லை என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு, இருபத்திரண்டு வருஷத்தில் முதல்முறையாக மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு பஸ் ஏறினார்.

வீட்டில் உர்சுலா இல்லை. கொடியடுப்பில் பானையும் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. அந்தப் பின்சந்தில் மலம் அள்ளுகிறவர்கள் வந்துபோவதால் ஆம்ப்ரோஸ் அதில் காலே வைப்பதில்லை. இப்போது வாசற்படியிலிருந்து எதிர்வீட்டுப் பின்வாசல்வரை தரையில் தண்ணீர் சொட்டிய ஈரம் கோடு போட்டதுபோல் போயிருந்தது. அதன்மேலேயே நடந்தார். ஜைனப் வீட்டுப் பின்கேட் பாதி திறந்திருந்தது. பின்னால் ஒதுங்கி நின்று எட்டிப் பார்த்தார்.

முற்றத்தில் உர்சுலா பலகை போட்டு உட்கார்ந்து கால் இரண்டையும் நீட்டியிருந்தாள். கால்மேல் ஒரு பச்சைப் பிள்ளை குப்புறக் கிடந்தது. உள்ளங்கையில் ஏந்திய வெந்நீரை அதன் முதுகில் விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பிள்ளை ஆவேசமாக அழுதது. ஆண்பிள்ளை. காது மட்டும் விறைப்பாக வெளியே நின்றது. அது ஆம்ப்ரோஸ் குடும்பத்துக் காது. அதை யாரும் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை.

உள்ளறையிலிருந்து ஒரு குரல் கேட்டது. ஒரு வருஷமாகக் கேட்காத குரல்.

"அம்மா, அப்பா கண்டுபிடிச்சிட்டா என்ன செய்வீங்க?"

"அவரு எங்க கண்டுபிடிக்கப் போறாரு? அவரு அடுப்பைத்தான் பார்ப்பாரு" என்றாள் உர்சுலா.

ஆம்ப்ரோஸுக்கு எல்லாம் விளங்கிப்போயிற்று. எட்டாம் மாதத்திலேயே ஜைனப்பின் உள்ளறையை வாடகைக்குப் பேசி மகளைக் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். அந்த வீட்டு முன்வாசல் அடுத்த தெருவில். மருமகன் அப்படி வந்து அப்படிப் போயிருக்கிறான். முதலில் பிள்ளைத்தாய்ச்சிக்குச் சமையல், அப்புறம் பிள்ளை பெற்றவளுக்கு நாற்பது நாள் வெந்நீர்க் குளியல், பிள்ளைக்குத் தினம் வெந்நீர். அத்தனையும் அவர் அடுப்பில், அவர் விறகில், அவரே கட்டிக்கொடுத்த கொடியடுப்பில், அவரே சுமந்து வந்த பானையில் காய்ந்திருக்கிறது. துரும்பு போகாது என்று சபதம் போட்ட வீட்டிலிருந்து கட்டுக் கட்டாக மரமே போயிருக்கிறது.

கோபம் வரும் என்றுதான் அவரும் எதிர்பார்த்து நின்றார். வரவில்லை. கண்ணில் தண்ணீர்தான் வந்தது. உள்ளே போக வேண்டும் என்று உடம்பு முழுக்கச் சொல்லியது. கால் மட்டும் எழும்பவில்லை. கோயில் வாசலில் அத்தனை பேர் முன்னால் சொன்ன வார்த்தை அந்தக் காலில் கிடந்தது. ஓசைப்படாமல் திரும்பி நடந்து, மாலை ஐந்தரை மணிவரை ஃபேரர் பார்க்கில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, வழக்கம்போல வீட்டுக்கு வந்து காப்பி கேட்டார்.

பெஞ்சில் உட்கார்ந்து அவர் ஒரு பெரிய ராஜதந்திரம் பண்ணியிருந்தார். தெரியாதவர் மாதிரியே இருந்துவிடுவது. சபதமும் நிற்கும், பிள்ளையும் குளிக்கும். உர்சுலா என்னை ஏமாற்றுகிறாளா, நான் அவளை ஏமாற்றுகிறேன். இந்த நினைப்பில் ராத்திரிச் சோறு இரண்டு தட்டு இறங்கியது.

மறுநாள் பிஸ்கட் தகர மூடியைக் கழற்றித் தூரப் போட்டார். சில அடுப்பு அப்படித்தான், அதன் சுபாவம் அது, நாம் என்ன செய்ய முடியும் என்று மனைவிக்குச் சமாதானம் சொன்னார். தினமும் வேலைக்குப் போகுமுன் கட்டைகளைச் சின்னச் சின்னதாகப் பிளந்து, சட்டென்று பற்றும்படி அடுக்கிவிட்டுப் போனார். வாயில் ஏதோ மாதா பாட்டு வேறு. தகர மூடி போட்ட பிறகு விறகு எந்த நாளிலிருந்து இன்னும் வேகமாகப் போனது என்று பின்னோக்கி எண்ணிப் பார்த்தே பேரன் பிறந்த நாளைக் கண்டுபிடித்தார். நாற்பதாம் நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் தீட்டுக் கழித்து வெளியே வருவார்கள். அன்றைக்கு நேரே போய்விடுவது என்று முடிவு செய்தார். எதற்கு வந்தீர்கள் என்று யாராவது கேட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தார். ஜைனப், உன் வீட்டு அடுப்பும் விறகு தின்கிறதாமே, பார்க்கலாம் என்று வந்தேன் என்று சொல்லிக்கொண்டே உள்ளே நுழைவது. அப்புறம் பிள்ளை அழும், யார் பிள்ளை என்று கேட்பது. மீதியை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

சிராங்கூன் ரோட்டில் ஆசாரி கடையில் ஒரு வெள்ளி அரைஞாண் வாங்கினார். மாதா சுரூபம் கோத்துத் தரவா என்று ஆசாரி கேட்டார். ஆம்ப்ரோஸ் வெகுநேரம் யோசித்தார். வேண்டாம், வெறும் கொடியே போதும், எல்லாச் சாமிக்கும் பொதுவாக இருக்கட்டும் என்றார். அவர் வாயிலிருந்து அப்படி ஒரு வார்த்தை வந்தது அதுதான் முதல்முறை.

இதற்கு நடுவில் ஒரு செவ்வாய்க்கிழமை இரவுச் சாப்பாட்டின்போது உர்சுலா பேச்சை ஆரம்பித்தாள். நாளைக்கு ஜைனப்கூட ஹார்பர்வரைக்கும் போக வேண்டும், தெரிந்தவர்கள் கப்பல் ஏறுகிறார்கள், நீங்களும் லீவு போட்டு வருகிறீர்களா என்று கேட்டாள்.

அப்படியானால் நாளை மத்தியானம் பிள்ளையை யார் குளிப்பாட்டுவது என்ற கேள்வி ஆம்ப்ரோஸின் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கடித்துக்கொண்டார். தன் சாமர்த்தியத்தை நினைத்து அவருக்கே சிரிப்பு வந்தது. உன் சிநேகிதக்காரர்களை வழியனுப்ப நான் எதற்கு, பாய்லரை யார் பார்ப்பது என்றார்.

"ஒருநாள்தானே. வாங்களேன்" என்றாள் மறுபடியும்.

இருபத்தைந்து வருஷத்தில் உர்சுலா எதையும் இரண்டு தடவை கேட்டதில்லை. அதை அவர் கவனித்திருக்க வேண்டும். பாய்லர்தான் முக்கியம் என்று கையைக் கழுவிக்கொண்டு எழுந்தார். அவள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறமும் நொச்சி வாசனை வந்தது, விறகு போயிற்று, அவர் பிளந்துகொடுத்தார். எதிர்வீட்டில் பிள்ளை அழுகிற சத்தமே கேட்கவில்லை. நல்ல பிள்ளை, தாத்தா மாதிரி அடக்கம் என்று நினைத்துப் பூரித்தார்.

நாற்பதாம் நாள் பூசை முடிந்து வந்ததும் ஒரு சுத்தியல், ஒரு தகரத் துண்டு, காகிதத்தில் கொஞ்சம் களிமண் எல்லாம் எடுத்துக்கொண்டார். சட்டைப் பையில் அரைஞாண். எங்கே என்று கேட்ட மனைவியிடம் ஜைனப் வீட்டு அடுப்பைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றார். உர்சுலா கரண்டியோடு வாசலுக்கு வந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அவர் அதற்குள் சந்தைத் தாண்டிவிட்டார்.

ஒத்திகை பார்த்த வசனத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். ஜைனப் விழித்தாள்.

"என் அடுப்பு நல்லாத்தானே அண்ணே எரியுது?"

அவர் கண் உள்ளறைக்குப் போயிற்று. கதவு திறந்திருந்தது. தூளி கட்டிய கயிறு மட்டும் உத்திரத்தில் தொங்கியது. தரை கழுவி விட்டிருந்தது. ஜைனப் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். மருமகனுக்குக் கிறிஸ்மஸ் தீவில், பாஸ்பேட் சுரங்கத்தில் வேலை கிடைத்ததாம். மூன்று வருஷ ஒப்பந்தம். அடுத்த மாதம் என்றிருந்த கப்பல் முன்னாலேயே வந்துவிட்டதாம். மூன்று பேரும் போய்ப் பதினோரு நாள் ஆகிறது, கப்பலிலிருந்து கையைக் காட்டும்போதுகூடப் பெட்டி ரோட்டுப் பக்கமே திரும்பித் திரும்பிப் பார்த்தாள், அக்கா உங்களிடம் சொல்லவில்லையா என்று கேட்டாள்.

ஆம்ப்ரோஸ் சுத்தியலை எடுத்துக்கொண்டு திரும்பி வந்தார். பன்னிரண்டு அடி தூரம். வந்து சேர வெகுநேரம் ஆயிற்று.

கொடியடுப்பில் பெரிய பானை தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. நொச்சித் தழை மேலும் கீழுமாகப் புரண்டது. உர்சுலா அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தாள்.

"பிள்ளை போயிப் பதினோரு நாளாச்சு. இந்தத் தண்ணி யாருக்கு?" என்றார்.

"உங்களுக்குத்தான்" என்றாள். "காலையில எழுந்திருச்சு விறகைப் பிளந்து வச்சிட்டு, பாட்டுப் பாடிக்கிட்டு வேலைக்குப் போனீங்க. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரலை. கொதிக்க வச்சுக் கொதிக்க வச்சுச் சாக்கடையில ஊத்தினேன்."

அவர் சுவரோரம் உட்கார்ந்தார். எனக்குத் தெரியும் என்பது உனக்கு எப்போது தெரியும் என்று கேட்டார். நீங்கள் மத்தியானம் வந்து பின்கேட் ஓரமாக நின்ற அன்றைக்கே என்றாள். ஜன்னல் வழியாக முதலில் பார்த்தவளே பெட்டிதான். கூப்பிடட்டுமா என்று இவள் கேட்டதற்கு வேண்டாம், அப்பாவாக வரட்டும் என்றிருக்கிறாள். மறுநாளிலிருந்து மத்தியானமானால் பிள்ளைக்குப் பவுடர் போட்டுப் பின்கேட்டைத் திறந்தே வைத்திருக்கிறாள், கப்பல் ஏறுகிற நாள்வரைக்கும்.

ஆம்ப்ரோஸ் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். 

"ஹார்பருக்குக் கூப்பிட்டப்பவாவது, நம்ம பெட்டிதான் போறான்னு ஒரு வார்த்தை எங்கிட்ட சொல்லியிருக்கலாமே, உர்சுலா."

உர்சுலா எரிகிற கட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துத் தண்ணீர் தெளித்து அணைத்தாள்.

"உங்களுக்குத்தான் ஒண்ணும் தெரியாதே. தெரியாதவர்கிட்ட நான் என்னன்னு சொல்றது?"